ஒக்ரோபர் பதினான்காம் திகதி செபமாலைக்கு வந்தவர்கள்

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
27.01.2025

தம்பி அஞ்சலோ,

பத்தொன்பதாம் திகதி ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான் கிறிஸ்தோபர், உன் மருமகள் நிரோஷினி. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஜக்சன், அவருடைய தகப்பன் சந்தியாப்பிள்ளை, தாய், தமக்கை. உபதேசியார். பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி. கடைசிக் கதிரையில் நீ. மொத்தம் பத்துப் பேர். இந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட உன்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சந்தியாப்பிள்ளை அண்ணர் சொன்னதை நான் மறக்கவில்லை. "பொம்பிளையின்ர தாய்மாமன் வெறியில கிடந்த மனிசன். இப்ப கோயில் கதவு திறக்க முதல் வாசலில நிக்கிறாராம். அப்பிடி ஒரு குடும்பத்தில எடுக்க நாங்கள் ரெண்டாந்தரம் யோசிக்கேல்லை." எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பற்றீஸ் தட்டை எடுக்க எழும்பினேன். நீயும் எழும்பினாய்.

"நான் நல்ல மனிசன் இல்லை. என்னோட கடலுக்கு வந்த கிண்ணியா முனாசின்ர கை போனது என்னால. மீனுக்கு எறியிற வெடி என்ர. திரி கொளுத்தினது நான். எறியடா எண்டு அவன்ர கையில குடுத்தது நான். அவன் களவா என்ர வள்ளத்தை எடுத்தவன் எண்டு பொலிசில சொன்னதும் நான்."

மாப்பிள்ளையின் தாய் கையில் எடுத்த பற்றீசைத் திருப்பித் தட்டில் வைத்தா. எனக்கு இனிச் சாகும்வரை அந்தப் பற்றீஸ் போதும்.

அடுத்த நாள் நீயாகப் பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாய். இப்போது விளக்கமறியலில் இருக்கிறாய். உன்னைப் பார்க்க நான் வரமாட்டேன். மறியல் சந்திப்புக்கு வரும் சிஸ்டர் அஞ்சலினாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். அவ பிரித்து வாசிக்கிற ஆள் இல்லை.

தம்பி, நீ குடியை விடவேண்டுமென்று நான் வெள்ளிக்கிழமைகளில் ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கும் கொப்பியில் புள்ளடி போட்டு வைத்திருக்கிறேன். முந்நூற்று எழுபத்திரண்டு. அந்த நேரமெல்லாம் நான் ஆண்டவரிடம் கேட்டது, இவனை உம்முடைய பக்கத்தில் இழுத்துக்கொள்ளும் என்று. இழுத்துக்கொண்டு என் பிள்ளையின் கல்யாணத்தை இவன் கையால் உடைப்பியும் என்று கேட்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாய்தானே? பாதர் மன்னிப்புத் தந்தார்தானே? பிறகு என்ன? ஆண்டவர் மறந்ததை நீ ஏன் பற்றீஸ் தட்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாய்?

இன்னொன்று. ஒக்ரோபர் மாதம் என் வீட்டில் நடக்கும் செபமாலைக்கு யார் யார் வந்தார்கள் என்று, வந்த ஒழுங்கில் பெயர் எழுதுவது என் வழக்கம். 2015 ஒக்ரோபர் பதினான்காம் திகதி, முனாசின் கை போன அன்றைய பக்கத்தில் உன் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. அதைக் காட்டித்தான் கோட்டு வழக்கில் நீ தப்பினாய். இப்போது அந்தக் கொப்பியைப் பற்றிப் பொலிசில் என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது. வேறு எதுவும் வேண்டாம்.

ஞானமலர்


06.02.2025

அன்புள்ள அக்கா,

கொப்பியைப் பற்றிக் கேட்டார்கள். "மூன்றாவதாக உன் பெயர் இருந்ததே, உன் அக்கா பொய் எழுதினாவா?" என்று. நான் வாய் திறக்கவில்லை.

அன்றைக்கு நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது கடைசிச் செபம் நடந்துகொண்டிருந்தது; பின்பக்கத்தால் குசினிக்குள் போனேன். எல்லாரும் போன பிறகு நீங்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, பெயர்களை முதலிலிருந்து திரும்ப எழுதினீர்கள். என்னை மூன்றாவதாகப் போட்டீர்கள். இரத்தம் பட்ட என் சட்டை தொட்டிக்குள் ஊறிக்கொண்டிருந்தது. குசினிக் கதவுக்குள் நின்று பார்த்தேன். நான் என்னுடையதைச் சொல்லிவிட்டேன். உங்களுடையதை நான் எடுத்துச் சொல்ல ஏலாது.

மருமகளின் நாளைக் கெடுக்க நான் வரவில்லை. திங்கட்கிழமை பொலிசுக்குப் போவதென்று முதலே முடிவெடுத்திருந்தேன். ஞாயிறு சாப்பிட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போயிருப்பேன். ஆனால் அந்த மனிசன் என்னை நம்பித்தான் பெண் எடுக்கிறேன் என்று சொன்ன பிறகு நான் பேசாமல் இருந்தால், அது இன்னொருவனையும் ஏமாற்றுவது. நீங்கள் பற்றீஸ் தட்டோடு நின்றதைக் கண்டேன். கண்டும் சொன்னேன்.

கோயிலுக்கு நான் முதலில் போனது சாராயக் கடைப் பக்கம் போகாமல் இருக்கத்தான். மீன் இறக்கிவிட்டு நேரே போய் நற்கருணைப் பேழைக்கு முன்னால் இருப்பேன். முதல் மாதம் முழுக்க அதைத் தாரும் இதைத் தாரும் என்று கேட்டேன். பிறகு கேட்க ஒன்றும் இல்லை, சும்மா இருந்தேன். எஞ்சினை நிற்பாட்டினால்தானே கடலின் சத்தம் கேட்கும். அந்த மாதிரி ஒரு நாள் ஆண்டவர் கிட்ட இருக்கிறது தெரிந்தது. எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது, அக்கா. அந்தச் சந்தோசத்துக்குள்ளே முனாசும் இருந்தான். அவனை வெளியே நிற்பாட்டிவிட்டு நான் மட்டும் உள்ளே இருக்கலாமா என்று பல நாள் பார்த்தேன். ஏலாமல் போனது.

கார்த்திகையில் கிண்ணியாச் சந்தையில் அவனைக் கண்டேன். மகள் மின்ஹா அவனுடைய சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்த பிள்ளை, சனத்துக்கு நடுவில். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாதர் மன்னிப்புத் தந்தது உண்மை. தந்துவிட்டு ஒன்று கேட்டார்: "அந்த மனிசன்ர தலையில கிடக்கிற பழியை ஆர் இறக்கிறது?"

அதற்குத்தான் இங்கே இருக்கிறேன்.

அஞ்சலோ


18.02.2025

அஞ்சலோ,

நீ வாய் திறக்காமல் இருந்தது எனக்குச் செய்த நன்மை என்று நினைக்கிறாயா? சொல்லியிருந்தால் ஒரேயடியாக முடிந்திருக்கும். பொலிஸ் வரும், கொப்பியை எடுக்கும், என்னை ஏசும். நீ சொல்லாமல் விட்டதால் அது இப்போது என் தொண்டையில் நிற்கிறது. விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

சென்ற செவ்வாய் பொலிசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பெண். மரியாதையாகத்தான் கேட்டா. "அம்மா, வழக்கு முடிய உங்களுக்குத் திருப்பித் தந்த அந்தக் கொப்பி இருக்குதா?" நான் சொன்னேன், "தேடித்தான் பார்க்கவேணும், பிள்ளை."

நான் தேடவேண்டுமாம்! 1998இலிருந்து என் வீட்டுக் கொப்பிகள் எல்லாம் ஆண்டு ஒழுங்கில் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. யாருக்கு எப்போது ஞானஸ்நானம், யார் வீட்டில் எந்த மாதம் மாதா சுரூபம், எல்லாம் எடுத்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். கோயில் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து நானே எழுதிப் பழகிய எழுத்து. அந்த எழுத்தை நம்பித்தான் இந்தப் பங்கு முழுக்க என்னிடம் வந்து திகதி கேட்கும். அந்தப் பெண் எழும்பிப் போகும்போது, "ஆறுதலாப் பாருங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனா. அந்த ஆறுதல் எனக்கு அடி மாதிரி விழுந்தது.

உன் அத்தானுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. "குசினியில அடுப்பு எரியுது. ரெண்டு நிமிச வேலை" என்கிறார். பிறகு, "கரையான் அரிச்சதெண்டு சொல்லு. இந்த ஊரில கரையான் அரிக்காத வீடு எது? பொலிஸ் ஸ்ரேசனையே அரிச்சிருக்கும்" என்கிறார். எரிக்கவும் எனக்குக் கை வரவில்லை. காட்டவும் கால் வரவில்லை.

அப்போதுதான் நிரோஷினி உள்ளேயிருந்து வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று சொல்லியனுப்பிய நாளிலிருந்து இவள் என்னோடு கதைப்பது குறைவு.

"அம்மா, மாமா அண்டைக்குக் கடைசிச் செபத்துக்குத்தான் வந்தவர். படலை திறந்துவிட்டது நான். எனக்குப் பதினாலு வயசு. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

"வாயைப் பொத்தடி. உன்ர கல்யாணத்துக்காகத்தான் நான் இதெல்லாம்..."

"என்ர கல்யாணத்துக்காகவோ? அப்ப கொப்பி எழுதேக்கை எனக்கு ஆரம்மா மாப்பிள்ளை?"

அறைந்துவிட்டேன். இருபத்து நான்கு வயதுப் பிள்ளையை. அதையும் எழுதுகிறேன், உனக்குக் கணக்குத் தெரியட்டும்.

நீ கேட்காததற்கும் பதில் சொல்கிறேன். இரத்தச் சட்டையோடு வந்து நின்றவன் என் தம்பி. முனாஸ் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவனை எழுதினேன். எந்த அக்காவும் அதைத்தான் செய்வாள். நீ கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு கடல் சத்தம் கேட்டாய். நான் இங்கே வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் ஓடிப்போய் அலுமாரியைப் பூட்டுகிறேன்.

உன் ஆண்டவரும் என் ஆண்டவரும் ஒருவரா என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஞானமலர்


01.03.2025

அக்கா,

முனாஸ் என்னைப் பார்க்க வந்தான். நீங்கள் வரவில்லை, அவன் வந்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "என்ன அஞ்சலோ, ஒம்பது வருசமா உன்ட ஆண்டவர் எங்க போயிருந்தாரு?"

"அவர் போகேல்லை. நான்தான் போயிருந்தனான்."

"வடிவாக் கதைக்கப் பழகியிருக்காய்." சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "மன்னிப்புக் கேக்கப் போறியா?"

"ஓம்."

"இப்ப தரமாட்டன். என்னைக் கள்ளனெண்டும் பொய்யனெண்டும் கோட்டில எழுதி வெச்சிருக்கு. கை போனா போகட்டும். என்ட பேரை எனக்குத் திருப்பித் தா. பிறகு கேள்."

அவனுக்காகப் பேசும் சட்டத்தரணி சொன்னதையும் சொல்லிவிட்டுப் போனான். என்னுடைய வாய்ச்சொல் மட்டும் காணாதாம். முனாஸ் காசு கொடுத்துச் சொல்ல வைத்தான் என்று ஒரு சொல்லில் தட்டிவிடுவார்களாம். அன்றைய தீர்ப்பு அந்தக் கொப்பியில்தான் நிற்கிறதாம். அதைப் பொய்யென்று எழுதியவரே வந்து சொல்லவேண்டுமாம்.

அக்கா, நீங்கள் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எனக்கும் கோபம் வரும். முனாசைத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வருசம் பாஸ்குத் திருநாளுக்கு உங்களுக்கு ஓரா மீன் கொண்டுவந்து தந்தது யார்? உங்கள் கையால் பால்தேத்தண்ணி வாங்கிக் குடித்தவன் யார்? இரண்டு கையாலும் வாங்கினான்.

எனக்காக இனி ஒருசந்தி இருக்கவேண்டாம். கொப்பியை எரித்தால் எனக்குக் கடிதமும் எழுதவேண்டாம்.

அஞ்சலோ


19.03.2025

அஞ்சலோ,

எழுதுகிறேன். எரித்திருந்தாலும் எழுதியிருப்பேன். எனக்கு எழுதாதே என்று சொல்ல உனக்கு இன்னும் வயது வரவில்லை.

ஓரா மீனைப் பற்றி நீ எழுதியது என்னைச் சுட்டது. எனக்கு அவனைத் தெரியும். தெரியாதென்று ஒன்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி அதை நானே நம்பிவிட்டேன். பொய் எழுதினவளுக்குப் பொய் நம்புவது பெரிய வேலையா?

சாம்பல் புதன் அன்று பின்னேரம் மூன்று மணிக்கு அறையில் முழங்காலில் இருந்து செபமாலை சொன்னேன். வாய் தன்பாட்டில் போனது. நான்காவது பத்து மணியை உருட்டும்போது, யாரோ வந்து பக்கத்தில் இருந்ததுபோல் இருந்தது. நீ எழுதிய சந்தோசம் எனக்கு வரவில்லை. எனக்குப் பயம் வந்தது. எழும்பிக் குசினிக்குள் ஓடி, கழுவிய சட்டிகளைத் திரும்பக் கழுவினேன். நாற்பது வருடமாகக் கிட்ட வாரும், கிட்ட வாரும் என்று கேட்டவள், வந்ததும் எழும்பி ஓடினாள். சட்டியைக் கழுவிக்கொண்டு அவரை ஏசினேன். "என்ர தம்பியை எடுத்தீர், பிள்ளையின்ர கல்யாணத்தை எடுத்தீர், இப்ப என்னட்டை என்ன வேணும்?" என்று சத்தமாகவே கேட்டேன். கேட்டுவிட்டு வெட்கமாக இருந்தது. என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும். அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

ஒன்பது நாள் இழுத்தேன். அதையும் மறைக்கவில்லை. அந்த ஒன்பது நாளும் செபத்துக்கு முழங்கால் போட்டால் அவர் அங்கே இருந்தார். வேறு நேரத்தில் வந்து பார்த்தேன். அப்போதும் இருந்தார். முன்பு அவர் தூரத்தில் இருந்தபோது எனக்குச் செபம் இலகுவாக இருந்தது, தம்பி. என்ன வேண்டுமென்றாலும் சொல்லலாம்.

பதினான்காம் திகதி வெள்ளிக்கிழமை கொப்பியைப் பையில் போட்டுக்கொண்டு கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். பாலம் தாண்டும்வரை சொல்லவேண்டியதை மனதில் நான்கு தரம் ஒழுங்குபடுத்தினேன். முனாஸ் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். மனைவி பரீதா பின்னேரம் விற்க சமூசா மடித்துக்கொண்டு இருந்தா. பக்கத்தில் மின்ஹா.

"ஆரு?"

"ஞானமலர். அஞ்சலோவின்ர அக்கா."

பரீதா மடித்ததை வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தா. "ஓ. கொப்பிக்காரியா?"

ஒழுங்குபடுத்தி வைத்தது எல்லாம் போய்விட்டது. ஒன்றுதான் வாயில் வந்தது. "அண்டைக்கு அவன் எங்கட வீட்டில இருக்கேல்லை. நான் பொய் எழுதினனான்."

பரீதா கையிலிருந்த மாவைச் சீலையில் துடைத்தா. பிறகு அவ சொன்னா, "நல்லா நாள் பாத்து வந்திருக்கீங்க. நோன்போட இருக்கன். என்ட வாயால ஒண்டும் வரப்படாது."

"நானும் இண்டைக்கு ஒருசந்திதான்" என்றேன். ஏன் சொன்னேனோ தெரியாது. சொன்ன உடனே என் நாக்கைக் கடித்திருக்கலாம்.

"அப்ப ரெண்டு பேரும் பசியோடதான் நிக்கம். ஆனா இது பொழுதுபட மஃரிபோட முடியிற பசி. நான் ஒம்பது வருசமாப் பட்டது அப்பிடியா முடிஞ்சது?" மின்ஹா, "உம்மா, விடுங்க" என்றாள். அவ விடவில்லை. "கோட்டில உங்கட கொப்பியப் படிச்ச நேரம் நானும் அங்க நிண்டன். ஒவ்வொரு பேராப் படிச்சாங்க. 'எவ்வளவு வடிவான எழுத்து, இது பொய்யா இருக்குமா' எண்டு எனக்குப் பக்கத்தில நிண்ட பொம்பிளை சொன்னா. அந்த எழுத்தோட எங்கட வீட்டில அடுப்பு அணைஞ்சது."

நான் காலில் விழப்போனேன். "விழாதீங்க. எங்களுக்கு அது கூடாது. உங்களுக்கும் கூடாதுதானே? இங்க சொல்லி என்ன பலன்? போய் அங்க சொல்லுங்க. சொல்லிப்போட்டு வாங்க, இருக்கக் கதிரை தாறன்."

அது வரைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அப்படியே திரும்பி அடுத்த பஸ்ஸில் ஏறிப் பொலிசுக்குப் போனேன். அந்தப் பெண்தான் இருந்தா. "கிடைச்சிட்டுதா அம்மா?" என்று கேட்டா. "தொலைஞ்சால்தானே பிள்ளை கிடைக்கிறதுக்கு. ஒளிச்சு வைச்சிருந்தனான்" என்றேன். வாக்குமூலம் எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு இடத்தில் எனக்குப் பரிந்து எழுதியிருந்தா, தம்பி மேல் உள்ள பாசத்தில் என்று. அதை வெட்டச் சொன்னேன். சட்டையைத் தோய்த்ததையும் சேர்க்கச் சொன்னேன். பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

கோயில் அன்பியக் குழுவின் தலைவி வேலையை விட்டுவிட்டேன். பாதர் வேண்டாம், பொறுங்கள் என்றார். என் கொப்பியை இனி யார் நம்புவது என்று கேட்டேன். உன் அத்தான் என்னோடு கதைப்பதில்லை, கடையில் சாப்பிடுகிறார். ஜக்சன் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. நிரோஷினி மட்டும் அன்றைக்குக் கேளாமல் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. போகுமென்று வாக்குத் தரவும் மாட்டேன். எங்களிடம் முதலில் சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம். ஆண்டவர் மேலும் கோபம்தான். சமாதானம் வரும் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதே, வரவில்லை. ஏசிக்கொண்டு முழங்காலில் இருக்கிறேன். அவரும் எழும்பிப் போகவில்லை. முந்தி நான் அவருக்கு முன்னால் வடிவாக இருந்தேன். இப்போது உள்ளபடி இருக்கிறேன். இது எனக்குப் பழக்கமில்லாத வேலை, ஐம்பத்திரண்டு வயதில் பழகுகிறேன்.

ஏப்ரல் நான்காம் திகதி வழக்கு. பொய்ச்சாட்சி சொன்னதற்காக என்னையும் உள்ளே வைக்கலாம், வைக்காமலும் விடலாம் என்று சட்டத்தரணி சொல்கிறார். வைத்தால் தயாராக இருக்கவேண்டும். உனக்கு அந்த இடம் தெரியும், அதனால் கேட்கிறேன். பிறஷர்க் குளிசையை வீட்டிலிருந்து கொண்டுவர விடுவார்களா, இல்லை அங்கேதான் எடுக்கவேண்டுமா? வாசிக்கிற கண்ணாடி வைத்திருக்கலாமா? செபமாலை சங்கிலியில் கோர்த்தது என்றால் பறிப்பார்களாம் என்று குணேஸ்வரி சொல்கிறா, நூலில் கோர்த்தால் விடுவார்களா? நூலில் என்றால் நான் இருந்து கோர்க்கவேண்டும், அதற்கு இரண்டு நாள் வேண்டும். சிஸ்டர் அஞ்சலினா வருகிற செவ்வாய்க்கிழமை அங்கே வருவா. அவவின் கையில் பதில் கொடுத்துவிடு. பிந்தவேண்டாம்.

அக்கா
ஞானமலர்